ஒரு அவுன்ஸ் வைத்தியர்

சாரக்கோணத்தில் யாரும் குடிப்பதில்லை. போதகர் வருஷாவருஷம் மேலிடத்துக்கு அப்படித்தான் சொல்லி அனுப்பினார், பெண் கொடுக்க வருகிற வீட்டாரிடம் ஊர்க்காரர்களும் அப்படித்தான் சொன்னார்கள், அதில் பொய்யென்று சொல்ல ஒன்றுமில்லை. ஊருக்குள் பிராந்திக் கடை கிடையாது, கள் இறக்குகிற பனையும் கிடையாது. ஆனால் மத்தியானச் சோற்றுக்குப் பிறகும் ராத்திரிக் கஞ்சிக்கு முன்பும் வாயுத்தொல்லை வராத ஆம்பளை அந்த ஊரில் ஒருத்தன்கூடக் கிடையாது, வாயுவுக்கு அருமைநாயகம் வைத்தியரின் அரிஷ்டத்தை விட்டால் வேறு மருந்தும் கிடையாது. கருப்பட்டியும் உலர்ந்த திராட்சையும் தாதிரிப்பூவும் திப்பிலியும் சாதிக்காயும் இன்னும் என்னென்னவோ வேரும் பட்டையும் சேர்த்துக் காய்ச்சி, பரணி என்கிற பெரிய சாடியில் ஊற்றி, அதன் வாயை மண் பூசிய சீலையால் கட்டி, உமிக்குவியலுக்குள் புதைத்துவிட்டால், அது தானாகப் பொங்கி, தானாக அடங்கி, தானாகவே ஒரு வீரியத்துக்கு வந்து சேரும். அந்த வீரியத்துக்கு வைத்தியரோ சபையோ ஆண்டவரோ பொறுப்பில்லை என்பதுதான் ஊரின் நிலைப்பாடு.

வைத்தியருக்குக் கைராசி உண்டு, ஆனால் அதைவிட வாய் ஜாஸ்தி. நாடி பிடித்துக்கொண்டே பேசுவார், கஷாயம் கொதிக்கும்போது கஷாயத்திடம் பேசுவார், பரணியைக் கட்டுவதற்கு முன்னால் அதன் வாய்க்குள் குனிந்து, இன்ன இன்ன சரக்கு இன்ன இன்ன வேலை செய்ய வேண்டும் என்று ஒரு பிரசங்கமே செய்துவிட்டுத்தான் கட்டுவார். வீட்டில் அவர் மனைவி சொர்ணபாயிடம் பேசினார். சரியாகச் சொன்னால், சொர்ணபாய் பேச ஆரம்பித்ததை எல்லாம் அவர் பேசி முடித்தார். அவள் "இன்னைக்கு மீன்காரி" என்று தொடங்கினால், "வரல்ல, வந்தாலும் சாளை வேண்டாம், சாளை சூடாக்கும்" என்று அவர் முடிப்பார். மீன்காரி வந்துபோய், அவள் மகளுக்குக் கல்யாணம் என்று சொல்லிவிட்டும் போயிருப்பாள். அதைச் சொல்லத்தான் சொர்ணபாய் வாயெடுத்தது. பிள்ளைகள் இல்லாத வீடு. குறுக்கே அழுவதற்குக்கூட ஆளில்லாததால், முப்பது வருஷத்துக்கு மேலாக அந்த வீட்டில் ஒரே ஒரு குரல்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் குரல் ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டு வேளையில், மனுஷனுடைய இதயம் எப்படி வேலை செய்கிறது என்று அவளுக்கு விளக்கிக்கொண்டிருக்கும்போது, "இந்த இதயம்னு சொல்லப்பட்டது" என்ற இடத்தில் நின்றுவிட்டது. சொர்ணபாய் மிச்சத்துக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகுதான் ஆள் போய்விட்டார் என்று புரிந்தது.

அவள் அழுதாள், ஊர் பார்த்தது, அது நிஜமான அழுகைதான். ஆனால் அடக்கமெல்லாம் முடிந்து, வந்த சொந்தக்காரர்கள் போன பிறகு, ஒருநாள் காலையில் கோழிக்குத் தவிடு வைக்கப் போனவள், "நேத்து வச்ச தவிடு புளிச்சுப்போச்சு, அதனால இன்னைக்குப் புதுசாக் கொழச்சேன், மெள்ளத் தின்னு" என்று சொல்லி முடித்துவிட்டு அப்படியே நின்றாள். ஒரு வாக்கியம். தொடங்கியவளே முடித்த வாக்கியம். கோழி கேட்டுக்கொண்டிருந்தது. அன்றைக்கு முழுக்க அவள் வாசல் முருங்கையிடம், கிணற்றுக் கப்பியிடம், உரலிடம் என்று பார்த்ததிடமெல்லாம் பேசித் தீர்த்தாள், சாயந்தரம் தொண்டை கட்டிக்கொண்டு உப்புவெந்நீரில் கொப்பளித்தாள். அந்த வாரமே, வைத்தியசாலையாக இருந்த முன்னறையைத் தையல்காரி ஃபுளோராவுக்கு விடுவது என்றும் முடிவு செய்தாள். ஃபுளோரா புருஷன் வீட்டிலிருந்து தனியாக வந்துவிட்ட பெண். தையல் மிஷினை வைத்து நாலு ஜாக்கெட் தைக்க ஓர் இடமில்லாமல் அலைந்துகொண்டிருந்தாள்.

முன்னறையை ஒழிக்கும்போதுதான் உமிக்குவியலுக்குள் கடைசியாக வைத்தியர் புதைத்துவிட்டுப் போன அரிஷ்டப் பரணி ஒன்று அகப்பட்டது. ஊருக்குச் சேதி தெரிந்துவிட்டது. வைத்தியர் போன துக்கத்தைவிட அவர் மருந்து தீர்ந்த துக்கத்தில் இருந்த ஊர். முதல் போத்தல், மரியாதை கருதி, போதகர் எபனேசருக்குப் போயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போதகர் தொண்டைக்கு இதமாக ஒரு அவுன்ஸ் எடுத்துக்கொண்டு பிரசங்கத்துக்கு ஏறினார். ஆண்டவர் கடலையும் காற்றையும் அதட்டி அடக்கிய பகுதி. "பெருங்காற்று உண்டாயிற்று" என்று வாசித்து நிமிர்ந்தவரின் வாயிலிருந்து, கரகரப்பான, எல்லாருக்கும் பழக்கமான இன்னொரு குரல் வந்தது.

"காத்துன்னு சொன்னதும் ஓர்மை வருகு. பாஸ்டருக்கு வாயு இன்னும் எறங்கல்ல, ராத்திரி கடலக்கறி தின்னுருக்காரு. அது நிக்கட்டு. சொர்ணம், வரும்போ பொறக்கதவ அடச்சியா?"

பெண்கள் பக்கத்தில் இருந்த சொர்ணபாய், "அடச்சாச்சு" என்று சொல்லிவிட்டுத்தான் திடுக்கிட்டாள்.

மற்றவர்கள் திடுக்கிடவில்லை. "வைத்தியரு பேசுதாரு," என்று பெண்கள் பக்கத்தில் ஒருத்தி அடுத்தவளிடம் சொன்னாள், ஏதோ லேட்டாக வந்த பஸ்ஸைப் பார்த்துச் சொல்வதுபோல. ஆண்கள் பக்கத்தில் முட்டுவலிக்காரர் ஒருவர் எழுந்து, மருந்து பாதியில் நின்றுபோனதே, மேற்கொண்டு என்ன செய்ய என்று கேட்டார், பிரசங்க மேடையிலிருந்து வைத்தியர் பத்தியம் சொன்னார். போதகர் உள்ளே எங்கேயோ ஒதுங்கி நின்று, தன் வாய் சொல்வதைத் தானே கேட்டுக்கொண்டிருந்தார். காணிக்கைப் பாட்டு வரும்போதுதான் அவர் குரல் அவருக்குத் திரும்பக் கிடைத்தது.

சபைக் கமிட்டி கூடியது. செக்ரட்டரி ஜெபமணி, எதற்கும் ஒரு தீர்மானம் போடாவிட்டால் சாப்பாடு இறங்காத மனுஷர், இது ஆவியா மருந்தா என்று முதலில் முடிவு செய்யவேண்டும் என்றார். போதகர் யோசித்து, "ஆவின்னா ஓட்டணும். மருந்துன்னா குடிக்கணும். இது பரணியில இருந்து வந்தது, அதனால மருந்தாக்கும்," என்று தீர்ப்புச் சொன்னார். வேதாகமத்தில் வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொன்ன இடத்தையும் எடுத்துக் காட்டினார். ஜெபவேளையில் வைத்தியர் பேசக்கூடாது, கல்யாண வீட்டில் மாப்பிள்ளை குடிக்கக்கூடாது என்று இரண்டு விதி போட்டார்கள். மற்றபடி ஊர் அதற்குப் பழகிக்கொண்டது.

நோயாளிகள் தாங்களே ஒரு அவுன்ஸ் குடித்துத் தங்கள் நாடியைத் தாங்களே பிடித்து, "லே, ஒனக்கு மலச்சிக்கலாக்கும், வேறொண்ணும் இல்ல," என்று தங்களையே திட்டிக்கொண்டு திருப்தியாக வீட்டுக்குப் போனார்கள். ஜலதோஷத்துக்குக் குடித்த புதுமருமகள் ஒருத்தி, விருந்தாளிகள் முன்னால் மாமியாருக்கு மூலம் முற்றியிருப்பதாகச் சொல்லிவிட்டு, பிறகு, "நான் சொல்லல்ல அத்தே, வைத்தியரு சொன்னாரு," என்றாள். அந்தப் பதில் ஊருக்குப் பிடித்துப்போயிற்று. சீட்டுக் கம்பெனிக்காரனை ஏசியவன், பக்கத்து வீட்டு வாழைக்குலையை வெட்டியவன், சம்பந்திவீட்டில் கறி நன்றாயில்லை என்றவன் எல்லாரும் அதையே சொன்னார்கள். குடிக்காமலேயே தொண்டையைச் செருமிக் கரகரத்தவர்களும் உண்டு. கேட்டால், வாசம் பட்டாலே வருகிறது என்றார்கள்.

சாயாக்கடையில் ஒருநாள் மூன்று பேர் ஒரே நேரத்தில் குடித்துவிட்டு, ஆறாத புண் ஒன்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். மூன்று வாயிலும் வைத்தியர்.

"இதுக்கு மேல்பூச்சு," என்றது முதல் வாய்.

"ஆவாது, உள்ளுக்குக் குடுக்கணும்," என்றது இரண்டாவது.

"வே, நான் சொல்லி முடிக்கட்டு," என்றது முதல்.

"நீரு என்னத்த முடிக்கது, எனக்குத் தெரியாதா நீரு என்ன சொல்ல வாறீருன்னு," என்றது மூன்றாவது.

கொஞ்ச நேரத்தில் மேஜை கவிழ்ந்தது. அந்த வழியாகப் போன சொர்ணபாய், கறிவேப்பிலைக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்று முழுவதையும் கேட்டாள். முப்பது வருஷத்தில் யாருமே செய்யாத காரியத்தை அவருக்கு அவரே செய்துகொண்டிருந்தார். அவள் சிரித்த சிரிப்பில் வயிறு பிடித்துக்கொண்டது.

ஆனால் சிரிப்பு அந்த ஒருநாளோடு சரி. மற்ற நாட்களில் அவள் தெருவில் இறங்க முடியவில்லை. கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "சொர்ணம், குடையக் காணல்லியே," என்றார். தென்னைமரத்து உச்சியிலிருந்து ஒருத்தன், "சொர்ணம், தேங்காயப் பொறுக்கிப் போடு," என்றான். புருஷன் செத்த பெண்ணுக்குப் புருஷன் ஒருத்தன் போய், ஊரிலுள்ள வாயெல்லாம் புருஷன் என்றாயிற்று.

இதற்கிடையில் கமிட்டி ஓர் ஏற்பாடு செய்தது. கண்டவர்கள் குடித்தால் மருந்து வீணாகிறது, வைத்தியருக்கு ஒரே வாயாக இருந்தால் நல்லது என்று, சாலமோனை நியமித்தார்கள். சாலமோன் முன்னாள் ஆட்டோ டிரைவர். எவ்வளவு உள்ளே போனாலும் தடுமாறாத உடம்பு. ஆட்டோதான் தடுமாறிற்று, அதனால்தான் முன்னாள். அவன் காலையில் குளித்து, வைத்தியரின் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு அவுன்ஸ் குடிப்பான். பிறகு வரிசை நகரும். நாற்காலி சொர்ணபாய் வீட்டு முன்னறையில் இருந்ததால் வரிசையும் அங்கேயே நின்றது. ஃபுளோராவின் மிஷின் அவள் அக்கா வீட்டு மாட்டுத்தொழுவத்தில் சாக்கு மூடிக் கிடந்தது.

"மைனி, எனக்கு இதுல ஒண்ணும் இல்ல, கேட்டீளா," என்று சாலமோன் குடிப்பதற்கு முன்னால் தினமும் சங்கடத்தோடு சொல்வான். "கமிட்டிக்காரங்க சொன்னாங்க, நான் குடிக்கேன்." சொல்லிவிட்டுக் குடிப்பான். குடித்தவுடன், "சொர்ணம், வெந்நி," என்பான்.

ஒருநாள் அடுக்களையில் நெருப்பு மூட்டி, பாத்திரம் ஏற்றி, தண்ணீர் கொதித்து, அதை டம்ளரில் ஊற்றி, முந்தானையால் பிடித்து முன்னறை வரைக்கும் கொண்டுவந்த பிறகுதான் தன் கை என்ன செய்துகொண்டிருக்கிறது என்று சொர்ணபாய் பார்த்தாள். மனசு ஒரு வார்த்தை கேட்கவில்லை. கை பாட்டுக்கு எழுந்து வேலை செய்திருக்கிறது. அவள் டம்ளரை அங்கேயே ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு, கிணற்றடியில் போய் உட்கார்ந்தாள். செத்தவர் திரும்பி வந்ததில் அவளுக்குப் பயமில்லை. அவர் திரும்பி வந்த அன்றே தானும் பழைய சொர்ணமாகத் திரும்பிவிட்டோமே என்பதுதான் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

அன்று சாயந்தரமே அவள் செக்ரட்டரி ஜெபமணி வீட்டுக்குப் போனாள். "முன்முறிய ஃபுளோராவுக்குக் குடுக்கதாச் சொல்லிட்டேன். எனக்க வீடு, எனக்க" என்று ஆரம்பித்தாள்.

"வைத்தியரம்மா, அதுல வைத்தியருக்குச் சம்மதமில்ல," என்றார் ஜெபமணி. "நேத்து நானே கேட்டேன். தையல் மிஷின் சத்தம் நரம்புக்கு ஆகாதுன்னு சொல்லுதாரு."

"அவரு செத்தாச்சே."

"அது செரிதான்," என்றார் ஜெபமணி, ரொம்பப் பக்குவமாக. "ஆனா அபிப்பிராயம் சொல்லுதாரு இல்லியா?"

பரணி எவ்வளவு பெரியதென்றாலும் அடி என்று ஒன்று உண்டு. ஊரின் வாயு அப்படி. ஒரு சனிக்கிழமை சாலமோன் பரணிக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, இன்னும் ஒரே ஒரு அவுன்ஸ்தான் தேறும் என்று சொன்னான். ஊர் அதைச் சாவுச்சேதி போலவே வாங்கிக்கொண்டது. மறுநாள் ஆராதனை முடிந்து, சபை மண்டபத்தில் எல்லாரும் கூடி, வைத்தியரிடம் கடைசியாகக் கேட்கவேண்டியதைக் கேட்பது என்று முடிவாயிற்று. ஜெபமணியிடம் இன்னொரு தீர்மானமும் தயாராக இருந்தது. முன்னறையை நினைவு அறையாக்கிப் பூட்டுவது, உள்ளே நாற்காலியும் காலிப் பரணியும் மாலை போட்ட படமும். அதற்கு வைத்தியர் தம் வாயால் சம்மதம் சொல்லிவிட்டால் பிறகு யாரும் எதிர்த்துப் பேச முடியாது, ஏனென்றால் மேற்கொண்டு பதில் சொல்ல அவர் இருக்கமாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிரம்பி, ஜன்னல்களிலும் தலைகள் தெரிந்தன. மேஜைமேல் வெள்ளைத் துணி விரித்து அவுன்ஸ் கிளாஸ் வைத்திருந்தது. பார்ப்பதற்குச் சபையில் கொடுக்கிற திருவிருந்து மாதிரி இருக்கிறது என்று போதகருக்கு ஒரு கூச்சம் வந்து, துணியை மட்டும் எடுக்கச் சொன்னார். ஃபுளோரா பின்வாசலில், உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல், ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்து நின்றாள்.

"முதல்ல முன்முறி காரியம்," என்றார் ஜெபமணி.

சொர்ணபாய் எழுந்தாள். "அந்த முறி காரியமா எனக்கு ஒண்ணு சொல்லணும்."

"வைத்தியரு சொல்லட்டும்," என்றார் ஜெபமணி. கூட்டம் தலையாட்டியது. கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. அவள் பேச எழுந்தால் அவர் பேசுவார் என்பது அந்த ஊருக்கும் முப்பது வருஷத்துப் பழக்கம். சாலமோன் கிளாஸை எடுத்தான். வழக்கம்போல அவள் பக்கம் திரும்பி, "மைனி, எனக்கு இதுல ஒண்ணும்" என்று சங்கடத்தோடு தொடங்கினான்.

"இல்லதானே," என்று சொல்லி அவன் கையிலிருந்து கிளாஸை வாங்கி சொர்ணபாய் ஒரே மடக்கில் குடித்துவிட்டாள்.

வாழ்நாளில் அவள் அதைத் தொட்டதில்லை. அந்த வாசமே அவளுக்கு ஆகாது. முதலில் கருப்பட்டியின் தித்திப்பு வந்தது, பின்னால் திராட்சையின் புளிப்பு, அதற்கும் பின்னால் திப்பிலி நின்று எரிந்தது, எரிச்சல் அடங்கின இடத்தில், நெரிசலான பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒருத்தர் காலை ஒதுக்கி வந்து உட்கார்வதுபோல, நாக்குக்கு அடியில் ஏதோ வந்து உட்கார்ந்தது.

"சொர்ணம், நீ என்னத்துக்கு இதக் குடிச்ச?" என்று அவள் வாய் அவர் குரலில் சொல்லிற்று. "ஒனக்குப் பித்த ஒடம்பு, ஒனக்கு இது ஆகவே ஆகாது, இத நான் கல்யாணம் கழிஞ்ச அன்னைக்கே"

"இஞ்ச பாருங்க," என்றாள் சொர்ணபாய்.

அவர் நின்றுபோனார்.

மண்டபமே அதைப் பார்த்தது. அருமைநாயகம் வைத்தியரின் பேச்சு பாதியில் நின்றது, சாவுக்குப் பிறகு அதுதான் முதல்முறை. சொர்ணபாய்க்கே நம்பிக்கை வரவில்லை. வேண்டுமென்றே ஒரு மூச்சு விட்டுப் பார்த்தாள். அந்த இடைவெளியில் "என்னத்தப் பாக்கது" என்று அவர் நுழைந்தார். "பாருங்கன்னு சொன்னேன்," என்று அவள் தொடங்கியதும் மறுபடி நின்றார். அப்போது அவளுக்குப் புரிந்தது. அவருக்கு ஒரு பலமும் இல்லை. குடித்தவர்களெல்லாம், போதகர் உட்பட, வைத்தியர் பேசும்போது நாம் எப்படிப் பேசுவது என்று தாங்களாகவே ஒதுங்கி வழி விட்டிருக்கிறார்கள். இடைவெளி கிடைத்தால் நுழைவார், கிடைக்காவிட்டால் வெளியே நிற்கவேண்டியதுதான். இருப்பது ஒரே வாய். அது அவளுடையது.

"முன்முறி ஃபுளோராவுக்கு," என்றாள். "நாளைக்கே மிஷின் வரும். சத்தம் கேக்கும், கேக்கட்டு. அந்த நாற்காலிய சாலமோன் கொண்டுபோகட்டும், அதுல இருந்து இருந்து அவனுக்கு முதுகு நேராயிருக்கு. பூட்டு ஒண்ணும் வேண்டாம்."

குரல் அவளுடையதாக இருந்தாலும் மருந்து அவருடையது, எந்தச் சொல் யாருடையது என்று தீர்மானமாகச் சொல்ல முடியாததால், எல்லாவற்றுக்கும் முழு மரியாதை கொடுப்பதுதான் நல்லது என்று ஜெபமணி எழுந்து நின்று தலையாட்டினார். போதகரும் எழுந்து நின்றார்.

அதோடு அவள் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் வாய் ருசி கண்டுவிட்டது. அவள் மண்டபத்தைப் பார்க்கவில்லை. தன் மூக்கின் நுனிக்குக் கீழே, உள்ளே இருக்கிற ஒருத்தரைப் பார்த்துச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"நம்ம கல்யாணம் கழிஞ்சு ஏழெட்டு வருஷம் இருக்கும். நீங்க எண்ணெ காச்சிட்டு இருந்தீய. நான் நாலு சேலைய ஒரு பையில வச்சி எடுத்துக்கிட்டு உங்க முன்னால வந்து நின்னேன். நான் போறேன்னு சொல்லதுக்கு வந்தேன். நான் போறேங்கதுக்குள்ள, போறதுன்னா வரும்போ சுக்கு வாங்கிட்டு வான்னு சொன்னீய. நான் சந்தைக்குப் போகல்ல. ஒரேயடியாப் போறதுக்கு நின்னேன். அதச் சொல்ல விடல்ல. நானும் பஸ் ஏறி நாகர்கோவிலுக்குப் போனேன். அங்க போயி ஒரு ஹோட்டல்ல மசால் தோச தின்னேன். எனக்குன்னு நானே சொல்லி வாங்கித் தின்ன மொத தோச அது. பொறவு ஸ்டாண்டுல வந்து இருந்தேன். திருவனந்தபுரம் பஸ்ஸு வந்துது, அங்க எங்க அக்கா உண்டு. ஏறல்ல. அடுத்த பஸ்ஸும் வந்துது. அதுலயும் ஏறல்ல. ஏன்னு கேட்டா, அங்க போயி எறங்கினா ஏன் வந்தேன்னு அக்காகிட்ட முழுசாச் சொல்லணும். எனக்கு எதையும் முழுசாச் சொல்லிப் பழக்கமில்ல. சுக்கு வாங்கிட்டு சாயங்காலம் திரும்பி வந்தேன். நீங்க சுக்க ஒடச்சுப் பாத்துட்டு, பூச்சி அரிச்சிருக்கு, ஒனக்குப் பாத்து வாங்கத் தெரியல்லன்னு சொன்னீய. இவ்வளவுதான். இதச் சொல்லணும்னு இருந்தேன்."

முடித்துவிட்டாள். முற்றுப்புள்ளியையும் அவளே வைத்தாள். அவள் கன்னம் நனைந்திருப்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. எதிர்வரிசையில் இருந்த ஆண்கள் தங்கள் பெண்டாட்டிமார் இருந்த பக்கம் திரும்பாமல் விட்டத்தைப் பார்த்தார்கள்.

அவள் உதடு தானாகத் திறந்தது.

"எந்த ஹோட்டல்?" என்று கேட்டார் வைத்தியர்.

கூட்டம் மிச்சத்துக்காகக் காத்திருந்தது. எந்த ஹோட்டல், அந்த ஹோட்டலா, அங்கே எண்ணெய் சரியில்லையே என்று அவர் தொடர்ந்து போவார் என்று எல்லாரும், முக்கியமாக சொர்ணபாய், எதிர்பார்த்தார்கள். ஆனால் அவ்வளவுதான். அவர் கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார். உள்ளே, நாக்குக்கு அடியில், ஒரு ஆள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. பதிலுக்குக் காத்திருந்தார்.

முட்டுவலிக்காரர் கையைத் தூக்கி, "வைத்தியரே, எனக்க காரியம்," என்றார். இன்னும் பத்துப் பதினைந்து கைகள் உயர்ந்தன. ஜெபமணி, வரிசையாக வரவேண்டும், மருந்தின் வீரியம் இறங்குவதற்கு முன்னால் எல்லாருக்கும் நேரம் கிடைக்காது என்று ஒழுங்கு செய்ய ஆரம்பித்தார்.

சொர்ணபாய் வாயை இறுக்க மூடிக்கொண்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, நடுவழியாக நடந்து வெளியே வந்துவிட்டாள். சிலபேர் தெருவரைக்கும் கூடவே வந்து, அவள் மூடிய உதட்டைப் பார்த்து முதுகுவலி, இடுப்புவலி, மகனுக்கு விசா கிடைக்குமா என்றெல்லாம் கேட்டார்கள். அவள் யாருக்கும் தலையாட்டவில்லை. உள்ளே அவர் தள்ளவும் இல்லை. ஓடைப்பாலம் தாண்டும்போது அவளுக்கு ஒரு சந்தேகம் வந்து நாக்கை லேசாக அசைத்துப் பார்த்தாள். அங்கேதான் இருந்தார்.

வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்து, மரச்சீனிக் கிழங்கைத் தோலுரித்து நறுக்கி, தண்ணீரில் போட்டு ஏற்றினாள். கொஞ்சம் காக்கட்டும் என்றுதான் முதலில் நினைத்தாள். நியாயமாகப் பார்த்தால் முப்பது வருஷம் காக்க வைக்கலாம். ஆனால் திப்பிலியின் எரிவு தொண்டையில் குறைந்துகொண்டே வந்தது. கடைசி அவுன்ஸ். அவள் பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஹோட்டலுக்க பேரு ஓர்மையில்ல," என்றாள். "மாடியிலயாக்கும் இருந்துது. கீழ பஸ்ஸு போறது வாறது எல்லாம் தெரியும். மசாலுக்குள்ள முந்திரிப்பருப்பு கெடந்துது, ரெண்டோ மூணோ. நான் அதக் கடைசியில திங்கலாம்னு ஒதுக்கி வச்சேன். சாம்பாரு உங்களுக்குப் பிடிச்சிருக்காது. எனக்குப் பிடிச்சுது. அப்பிடி ஒரு தோச அதுக்குப் பொறவு நான் தின்னதே இல்ல."

சொல்லிவிட்டு, அவர் வரட்டும் என்று வாயைக் கொஞ்சமாகத் திறந்து வைத்துக்கொண்டாள். தண்ணீர் கொதித்தது. கிழங்கின் வாசம் அடுக்களையில் எழுந்தது. வாயிலிருந்து சத்தம் ஒன்றும் வரவில்லை. மருந்து இறங்கி ஆள் போய்விட்டாரா, இல்லை அந்தத் தோசையைப் பற்றி யோசித்துக்கொண்டு உள்ளேயே இருக்கிறாரா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

வாசலில் சத்தம் கேட்டது. நாளைவரைக்கும் பொறுக்காமல் ஃபுளோரா அன்றைக்கே மிஷினைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டாள். அடுக்களை வாசல்வரை வந்து எட்டிப்பார்த்து, "மாமி, மிஷின எங்க போடட்டு?" என்று கேட்டாள்.

சொர்ணபாய் திறந்த வாயை மூடாமல், முன்னறை ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள்.